செல்லப்பிராணி வைத்தியம்: சென்னையில் எங்கே போவது, செலவை எங்கே குறைப்பது

நாய் சாப்பிடவில்லை என்றால் நம்மில் பெரும்பாலோர் முதலில் இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கிறோம். மூன்றாம் நாள் இரவு பத்து மணிக்கு, அது எழுந்து நிற்கக்கூட முடியாமல் கிடக்கும்போது, எந்த கிளினிக் திறந்திருக்கிறது என்று போனில் தேடுகிறோம். அந்த நேரத்தில் கிடைக்கும் வைத்தியம்தான் இருப்பதிலேயே விலை கூடியது. சென்னையில் செல்லப்பிராணி வைத்தியம் கட்டுப்படியாகவில்லை என்று சொல்பவர்களின் பில்லைப் பிரித்துப் பார்த்தால், தாமதத்தின் விலைதான் அதில் பெரும்பங்காக இருக்கும். நோயைச் சீக்கிரம் கண்டுகொள்வதும் எந்த வாசலுக்கு எப்போது போவது என்று முன்பே தெரிந்து வைத்திருப்பதும் செலவைக் குறைக்கும் அளவுக்கு வேறெதுவும் குறைப்பதில்லை.

அரசின் கால்நடை மருத்துவ அமைப்பு ஆடு, மாடு, கோழிக்காக உருவானது. இன்றும் பேச்சுவழக்கில் அது 'மாட்டாஸ்பத்திரி'தான். 1962 என்ற எண்ணில் வரும் நடமாடும் மருத்துவ வாகனங்களும் முதன்மையாகக் கால்நடை வளர்ப்போருக்கானவை. அடுக்குமாடி வீட்டில் இருக்கும் லேப்ரடாருக்கு நள்ளிரவில் அது வந்து நிற்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. நாய், பூனைக்கான சேவையைப் பெரும்பாலும் தனியார் கிளினிக்குகளே வளர்த்தெடுத்தன. மனிதர்களுக்கு இருப்பது போல அரசுக் காப்பீட்டுத் திட்டமோ, அரசு நிர்ணயித்த கட்டணமோ இங்கே இல்லை. எக்ஸ்ரே, ஸ்கேன், மயக்க மருந்து எல்லாவற்றுக்கும், தனியாகக் காப்பீடு எடுத்திராவிட்டால், முழுப் பணத்தையும் வளர்ப்பவரே கையிலிருந்து கொடுக்க வேண்டும்.

ஆனால் மற்ற ஊர்களுக்கு இல்லாத ஒரு பலம் சென்னைக்கு உண்டு: வேப்பேரி. 1903-ல் சைதாப்பேட்டையில் தொடங்கி, சீக்கிரமே வேப்பேரிக்கு வந்த சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி, இப்போது 1989-ல் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. அதன் போதனா மருத்துவமனையில் பொது மருத்துவம், அறுவை சிகிச்சை, கண், தோல், பிரசவம் எனத் தனித்தனிப் பிரிவுகள், ஸ்கேன் வசதிகள், விலங்குகளுக்கான ரத்த வங்கி, டயாலிசிஸ் வரை உண்டு. கட்டணம் தனியாரோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. சென்ட்ரலிலிருந்தும் எழும்பூரிலிருந்தும் எளிதாகப் போய்விடலாம்.

கட்டணத்தில் மிச்சமாகும் பணத்துக்கு ஈடாக அங்கே நேரத்தைக் கொடுக்க வேண்டும். புறநோயாளி பிரிவு காலையில்தான் சுறுசுறுப்பாக நடக்கும். டோக்கன் வரிசையில் முன்னால் இருக்க வேண்டுமானால் திறப்பதற்கு முன்பே போய்விடுவது நல்லது. இது கற்பிக்கும் இடம் என்பதால் முதலில் மாணவர்கள் விவரம் கேட்பார்கள், பிறகு பேராசிரியர் பார்ப்பார். அவசரப்பட்டு அந்தக் கேள்விகளுக்கு அரைகுறையாகப் பதில் சொல்லாதீர்கள், நோய்க்கான துப்பு பல நேரம் அங்கேதான் கிடைக்கிறது. இன்று பார்த்த டாக்டரே அடுத்த முறையும் இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. உங்கள் பிராணியின் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லக்கூடியது கையில் இருக்கும் ஃபைல் ஒன்றுதான். ஓ.பி. சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவுகள், தடுப்பூசி அட்டை, கொடுத்த மருந்துகளின் அட்டைகள் அனைத்தையும் தேதிவாரியாக ஒரே உறையில் வையுங்கள். வலிப்போ இருமலோ நொண்டலோ இருந்தால் வீட்டிலேயே வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். ஆஸ்பத்திரிப் பரபரப்பில் நொண்டும் நாய்கூட நேராக நடக்கும். பேதி என்றால் அன்று காலையில் போன மலத்தை மூடியுள்ள சின்ன டப்பாவில் கொண்டு போனால், நுண்ணோக்கியில் புழு முட்டை இருக்கிறதா என்று பார்க்கும் மலிவான பரிசோதனை உடனே முடிந்துவிடும்.

கூட்டத்தில் தொற்று பரவும் என்பதையும் மறக்கக் கூடாது. தடுப்பூசி முடியாத குட்டியை அங்கே தரையில் விடவே கூடாது, மடியிலோ கூடையிலோ வைத்திருங்கள். பூனையைக் கூண்டுப்பெட்டியில் வைத்து மேலே ஒரு துண்டைப் போர்த்துங்கள். வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையே கடிக்கும். ஆகவே வாய்ப்பூட்டு கட்டாயம், அது இல்லாவிட்டால் அகலமான துணி நாடாவால் மூக்கைச் சுற்றிக் காதுக்குப் பின்னால் கட்டலாம். மூச்சுத்திணறலோ வாந்தியோ இருக்கும் நாய்க்கும், பக் போன்ற சப்பை மூக்கு நாய்க்கும் இப்படிக் கட்டக் கூடாது.

வேப்பேரி தூரம் என்பவர்களுக்கு மாதவரம் பால் பண்ணைப் பகுதியில் பல்கலைக்கழகத்தின் புறநகர் மருத்துவமனை இருக்கிறது. தெற்கே நந்தனம், சைதாப்பேட்டைப் பக்கம் கால்நடை பராமரிப்புத் துறையின் மருத்துவமனை இருக்கிறது. 1959-ல் தொடங்கி, இப்போது கிண்டி, வேளச்சேரிப் பகுதியில் இயங்கும் புளூ கிராஸ், அடிபட்ட தெரு விலங்குகளுக்கான முக்கியமான புகலிடம். மாநகராட்சியும் திரு.வி.க. நகர், நுங்கம்பாக்கம் உள்ளிட்ட இடங்களில் செல்லப்பிராணிகளுக்கான சிகிச்சை மையங்களை நடத்துகிறது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி, பூச்சி மருந்து, சின்னச் சின்ன வைத்தியத்துக்கு இவை போதும். வளர்ப்பு நாய்க்கு எடுக்க வேண்டிய மாநகராட்சி உரிமத்தையும் இதோடு முடித்துக்கொள்ளுங்கள். கட்டணம் ஆண்டுக்கு 50 ரூபாய்தான், வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று வேண்டும். 2025-ல் நாயின் தோலுக்கு அடியில் பொருத்தும் அடையாள மைக்ரோசிப்பும் கட்டாயமாகி, உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்ற அறிவிப்பும் வந்துவிட்டது. விலங்குவழி நோய்களுக்கான உலக தினமான ஜூலை 6-ம் தேதியையும் உலக வெறிநோய் தினமான செப்டம்பர் 28-ம் தேதியையும் ஒட்டி அரசு மருத்துவமனைகளில் இலவச வெறிநோய்த் தடுப்பூசி முகாம்கள் வழக்கமாக நடக்கும்.

தனியார் கிளினிக்கை நோய் வராத நாளில் தேடுங்கள். டாக்டரின் மருந்துச் சீட்டில் பி.வி.எஸ்சி. பட்டமும் கால்நடை மருத்துவ கவுன்சிலின் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். 1984-ம் ஆண்டின் இந்திய கால்நடை மருத்துவ கவுன்சில் சட்டப்படி பதிவு பெற்றவர் மட்டுமே வைத்தியம் பார்க்கலாம். செல்லப்பிராணிக் கடையில் ஊசி போடுபவர் எவ்வளவு கைராசிக்காரர் என்று பெயர் வாங்கியிருந்தாலும், தவறு நேர்ந்தால் அங்கே கேட்க நாதியில்லை. '24 மணி நேரம்' என்று போர்டு போட்டிருக்கும் இடத்தில் நேரில் சில கேள்விகள் கேளுங்கள்: இரவில் டாக்டர் அங்கேயே இருப்பாரா, போன் செய்தால்தான் வருவாரா? ஆக்ஸிஜன் இருக்கிறதா? ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே இரவிலும் எடுப்பார்களா? உள்நோயாளியாகச் சேர்த்தால் இரவு முழுக்க ட்ரிப்ஸைக் கவனிப்பது யார்? உதவியாளர் மட்டும் இருக்கும் இடத்தில் சேர்த்துவிட்டு, தீவிர சிகிச்சைக்கான கட்டணம் கட்டுவதில் அர்த்தம் இல்லை.

இனி பணம் உண்மையில் எங்கே கரைகிறது என்று பார்ப்போம். குட்டிகளுக்கு பார்வோ என்ற வைரஸ் நோய். ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரையிலான குட்டி சாப்பாட்டை ஒதுக்கி, வாந்தி எடுத்து, குடலைப் பிடுங்கும் நாற்றத்தோடு ரத்தபேதி போனால் முதல் சந்தேகம் இதுதான். வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. நீர்ச்சத்தையும் உப்புச்சத்தையும் ட்ரிப்ஸ் மூலம் ஈடுசெய்து, வாந்தியை அடக்கி, இரண்டாம் கட்டத் தொற்றைத் தடுத்து, குடல் தானாக ஆறும்வரை உயிரைப் பிடித்து வைத்திருப்பதுதான் வைத்தியம். அதற்கு ஐந்து முதல் ஏழு நாள் ஆகும், பல ஆயிரம் ரூபாய் போகும். சிகிச்சை கிடைத்த குட்டிகளில் பெரும்பாலானவை பிழைத்துவிடும், கிடைக்காதவற்றில் பெரும்பாலானவை இறந்துவிடும்.

இத்தனையையும் தடுக்கும் ஊசியின் விலை அந்தப் பில்லில் ஒரு சின்னத் துண்டு. "ஊசி போட்டும் வந்துவிட்டதே" என்று கேட்பவர்கள் உண்டு. தாய்ப்பால் வழியே வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை, அது தடுப்பூசியையும் முறித்துவிடும். அது எந்த வாரத்தில் வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை போட்டு, கடைசி ஊசி பதினாறு வாரத்தைத் தாண்டி விழ வேண்டும் என்கிறார்கள். பலர் இரண்டாவது ஊசியோடு நிறுத்திவிடுகிறார்கள். மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி தனி. ஊசி மருந்து எப்போதும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். உங்கள் கண்முன்னே தூளையும் திரவத்தையும் கலந்து உடனே போட வேண்டும். குப்பியின் ஸ்டிக்கரை, தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் தெரியும்படி அட்டையில் ஒட்ட வேண்டும். குட்டியை விற்பவர் ஸ்டிக்கர் இல்லாமல் வெறும் கையெழுத்தோடு தரும் அட்டையை நம்பாமல், ஊசி போடாத குட்டி என்றே வைத்துக்கொண்டு டாக்டரிடம் போவதுதான் பாதுகாப்பு.

வளர்ந்த நாய்க்குச் சென்னையின் தீராத தொல்லை உண்ணி. நம் ஊரில் குளிர்காலம் என்ற ஒன்று இல்லாததால் ஆண்டு முழுக்க அது பெருகிக்கொண்டே இருக்கிறது. பழுப்பு நாய் உண்ணி வீட்டுக்குள்ளேயே வாழப் பழகியது. ரத்தம் குடித்துப் பட்டாணி போல உப்பிய பெண் உண்ணி நாயிடமிருந்து கழன்று விழுந்து, சுவரேறி, ஜன்னல் சட்டத்தின் இடுக்கிலும் ஸ்விட்ச் பெட்டியின் பின்னாலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு "திரும்பத் திரும்ப வருகிறதே" என்று சலித்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். நாய், படுக்கை, சுவர் விரிசல் மூன்றையும் ஒரே வாரத்தில் கவனிக்க வேண்டும், பொரித்து வரும் அடுத்த தலைமுறைக்காக மீண்டும் ஒரு முறை செய்ய வேண்டும். மாதம் ஒரு முறை தரும் மாத்திரை, பன்னிரண்டு வாரம் தாங்கும் ஃப்ளூரலேனர் மாத்திரை இரண்டும் கிடைக்கின்றன. பின்னது ஒரே தடவையில் பெரிய தொகையாகத் தெரியும், பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். வலிப்பு வந்த நாய்க்கு இவ்வகை மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் தரக் கூடாது.

தினமும் இரண்டு நிமிடம் ஒதுக்கி, காது மடலின் உள்மடிப்பு, கழுத்துப்பட்டைக்கு அடியில், விரலிடுக்கு, தொடை இடுக்கு, வாலின் அடி ஆகிய இடங்களை விரலால் தடவிப் பாருங்கள். உண்ணி அகப்பட்டால் சிமிட்டாவால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். நகத்தால் நசுக்குவதோ மண்ணெண்ணெய் ஊற்றுவதோ வேண்டாம். உண்ணிக்காய்ச்சல் முதலில் சோர்வு, பசியின்மை, காய்ச்சல் என்று சாதாரணமாகத்தான் தொடங்கும். நாயின் இயல்பான உடல்வெப்பம் ஏறக்குறைய 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட், அளக்க வேண்டிய இடம் ஆசனவாய். மூக்கு காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதால் எதுவும் தெரியாது. இந்தக் கட்டத்தில் போனால் ரத்த அணுக்களின் எண்ணிக்கை, ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவிப் பார்க்கும் 'ஸ்மியர்' சோதனை இரண்டும் செய்துவிட்டு, உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமி என்றால் டாக்ஸிசைக்ளின் மாத்திரை தருவார்கள். மலிவான மருந்து, ஆனால் பொதுவாக 28 நாள் தர வேண்டும். ஐந்தாம் நாளே நாய் துள்ளிக் குதிக்கும், வீட்டில் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். கிருமி உள்ளேயே பதுங்கிக் கிடந்து மாதக்கணக்கில் கழித்து எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும்போது ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் வடியும், ரத்தம் ஏற்ற வேண்டிய நிலை வரும். அந்த நிலையில் உள்நோயாளியாகச் சேர்ப்பதற்கு ஆகும் செலவில் பல ஆண்டுகளுக்கான உண்ணி மாத்திரை வாங்கியிருக்கலாம். பேபீசியா என்ற இன்னொரு கிருமியின் ஒரு வகைக்குத் தரும் கூட்டு மருந்து நிஜமாகவே விலை அதிகம். எது என்று உறுதி செய்யாமல் எல்லாவற்றுக்கும் சேர்த்து மருந்து எழுதும் இடத்தில் 'ஸ்மியர் பார்த்தீர்களா' என்று கேட்பதில் தவறில்லை.

கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு நடுவயதில் வருவது கர்ப்பப்பையில் சீழ். இனச்சேர்க்கைப் பருவமான 'சூடு' வந்து போன ஒன்றிரண்டு மாதத்துக்குள் அதிகமாகத் தண்ணீர் குடித்து, சோர்ந்து, வயிறு உப்பினால், வெளியே சீழ் தெரியாவிட்டாலும் அன்றே ஸ்கேன் எடுக்க வேண்டும். நல்ல நிலையில் இருக்கும்போது செய்யும் கருத்தடை ஆபரேஷன் திட்டமிட்ட ஒரு காலை வேலை. சீழ் கோத்த பிறகு அதே உறுப்பை எடுப்பது, பல நாள் ட்ரிப்ஸோடு கூடிய உயிர்ப் போராட்டம்.

பரிசோதனைகளைப் பற்றிப் பலருக்கும் கசப்பு இருக்கிறது. எதையும் மறுக்கும் முன் டாக்டரிடம், "இந்தப் பரிசோதனையின் முடிவைப் பொறுத்துச் சிகிச்சை மாறுமா?" என்று கேளுங்கள். மாறும் என்றால் செய்துவிடுங்கள், மாறாது என்றால் தள்ளிப்போடலாமா என்று பேசலாம். பட்ஜெட்டை முதலிலேயே சொல்லிவிடுவதும் நல்லது. "இன்றைக்கு என்னால் இவ்வளவுதான் முடியும், எதை முதலில் செய்யலாம்?" என்றால் நல்ல டாக்டர் படிப்படியாகத் திட்டம் போட்டுத் தருவார். சேர்க்கும் முன் ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை நாள் ஆகலாம் என்று எழுதி வாங்குங்கள். பூனைக்கு இயந்திரம் தட்டணுக்கள் மிகக் குறைவு என்று காட்டினால் பதறாதீர்கள், பூனை ரத்தத்தில் அவை கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்வதால் இயந்திரம் தவறாக எண்ணுவது சகஜம். நுண்ணோக்கியில் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

மருந்துச் செலவில் நியாயமாக மிச்சம் பிடிக்க வழி இருக்கிறது. டாக்ஸிசைக்ளின், மெட்ரோனிடஸோல், இதயத்துக்கும் வலிப்புக்குமான சில மாத்திரைகள் என்று நாய், பூனைக்கு எழுதும் பல மருந்துகள் மனிதர்களுக்கானவையே. மூலப்பொருள் பெயரில் எழுதித் தரச் சொல்லி, மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ கிடைக்கிறதா என்று பாருங்கள். அளவு கிலோ கணக்கில் வருவதால் எடை சரியாகத் தெரிய வேண்டும். நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, பிறகு உங்கள் எடையைக் கழித்துவிட்டால் போதும். ஆனால் சீட்டு இல்லாமல் வீட்டு மாத்திரை எதையும் தராதீர்கள். பாராசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதியே ஒரு பூனையைக் கொல்லப் போதும். ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நாய்க்கான பெர்மெத்ரின் உண்ணி மருந்து பூனைக்கு விஷம். சொறிக்கும் உண்ணிக்கும் மலிவாகப் போடப்படும் ஐவர்மெக்டின் ஊசி, கோலி இன நாய்க்கும் அதன் கலப்புக்கும் ஆபத்து.

விடியும்வரை காத்திருக்கக் கூடாத சில நிலைகள் இருக்கின்றன. ஆண் பூனை மண் தொட்டியில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால், அதை மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். இந்தச் சிறுநீர் அடைப்பு ஒரு நாளைத் தாண்டினாலே ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நிற்கலாம். பெரிய உடம்பு நாய் வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராமல் தவித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம், இதில் மணிக்கணக்கு முக்கியம். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் வலிப்பு, வெளுத்த அல்லது நீலம் பாய்ந்த ஈறு, எலி மருந்து தின்றதாகச் சந்தேகம், எல்லாம் இந்த வரிசையில்தான். எலி மருந்துப் பாக்கெட்டைக் கையோடு எடுத்துப் போங்கள், எந்த வகை என்பதைப் பொறுத்தே மாற்று மருந்து. கத்திரி வெயிலில் மூச்சிரைத்து, உடல்வெப்பம் 105-ஐத் தாண்டிய நாயின் மேல் சாதாரணக் குழாய்த் தண்ணீரை ஊற்றி, மின்விசிறி போட்டு, குளிர்வித்துக்கொண்டே கிளம்புங்கள். 103-க்கு இறங்கியதும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் வெப்பம் இயல்புக்கும் கீழே போய்விடும்.

செல்லப்பிராணிக் காப்பீடு இந்தியாவில் பொதுத்துறை, தனியார் நிறுவனங்கள் இரண்டிலும் கிடைக்கிறது. பாலிசி எடுக்கும் முன் நுழைவு வயது வரம்பு, காத்திருப்புக் காலம், ஏற்கெனவே இருக்கும் நோய், ஓ.பி. செலவு சேருமா, ஒவ்வொரு பில்லிலும் நீங்கள் ஏற்க வேண்டிய பங்கு எவ்வளவு ஆகியவற்றைப் படியுங்கள். வழக்கமான தடுப்பூசியும் பூச்சி மருந்தும் பெரும்பாலும் சேராது. தடுப்பூசி விட்டுப்போயிருந்தால், அந்த நோய்க்கான இழப்பீட்டை மறுக்க அதையே காரணமாக்குவார்கள். மைக்ரோசிப் எண் அடையாளத்துக்கு உதவும் என்பதால், மாநகராட்சிக்காகப் பொருத்தும் சிப் இங்கேயும் பயன்படும். இளம் வயது நாய்க்கு, அதுவும் ஆபரேஷன் செலவுக்கு, காப்பீடு அர்த்தமுள்ளது என்பது எங்கள் கருத்து. எட்டு வயதைத் தாண்டிய பிராணிக்குப் பல பாலிசிகள் கதவை மூடிவிடும். அதை வளர்ப்பவர்கள் மாதாமாதம் ஒரு தொகையைத் தனிக் கணக்கில் போட்டு வைப்பதே மேல்.

வயதான பிராணியின் செலவு வேறு மாதிரி. சிறுநீரகம் தளர்ந்த பூனைக்கோ இதயம் தளர்ந்த நாய்க்கோ ஒரே பெரிய பில் வராது, மாதாமாதம் வந்துகொண்டிருக்கும். இங்கே வேப்பேரியையும் பக்கத்துத் தெரு கிளினிக்கையும் சேர்த்துப் பயன்படுத்தலாம். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மருந்து அளவை மாற்றுவது போன்ற பெரிய முடிவுகளுக்குப் போதனா மருத்துவமனைக்குப் போய், அந்தச் சீட்டை வைத்து வாராந்தர ட்ரிப்ஸை வீட்டுப் பக்கத்திலேயே போட்டுக்கொள்ளலாம். தோலுக்கு அடியில் திரவம் ஏற்றுவதை வீட்டிலேயே செய்யப் பல டாக்டர்கள் சொல்லித் தருவார்கள். தோள்பட்டைக்கு இடையில் தோலைக் கூடாரம் போல் தூக்கி ஊசியை நுழைக்க வேண்டும். எத்தனை மில்லி, வாரத்துக்கு எத்தனை முறை என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். உறங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறது என்று எண்ணி நோட்டில் குறித்து வையுங்கள். இதயநோய் நாய்க்கு அது வழக்கத்தைவிடக் கூடி, 30-ஐத் தாண்டி நீடித்தால் நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம். அன்றே டாக்டரிடம் பேசினால் பல நேரம் மாத்திரை அளவை மாற்றுவதோடு முடியும், விட்டுவிட்டால் அடுத்த நாள் ஆக்ஸிஜன் கூண்டு தேவைப்படும்.